தலையில்லாமல் வந்த செய்தி

முக்கியமான எதையும் சொல்லுமுன் ஜூமார்ட்டின் உதடுகள் சத்தமில்லாமல் ஒரு தடவை அசையும். ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்துவார்களே, அதுபோல வரப்போகிற சொல்லின் முதல் எழுத்தை உதட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். பிறகுதான் சொல் வெளியே வரும். கல்யாணமாகி வந்த புதிதில் மனிதருக்குத் திக்குவாயோ என்று புருல் பயந்துபோனாள். மாமியாரிடம் மெல்லக் கேட்டாள்.

"திக்குவாய் இல்லடி, ருஷ்ய வாத்தியார். அது அதைவிட மோசம்" என்றாள் மாமியார். அடுப்பில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி வெகுநேரம் சிரித்தாள்.

சாரி-புலாக் என்கிற கிர்கிஸ் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஜூமார்ட் ருஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் என்பதால் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'அகாய்'. கிர்கிஸ் பேச்சில் சொல்லுக்குத் தலை முளைப்பதில்லை, வால்தான் நீளும். வீடு, வீட்டில், வீடுகளிலிருந்து என்று தமிழைப் போலவே பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். ருஷ்ய மொழியில் காரியமெல்லாம் தலையில். 'போ' என்கிற ஒரே சொல்லின் முன்னால் ஒரு சின்ன எழுத்தை மாற்றி மாற்றி வைத்தால் வந்து சேர்ந்தான், கிளம்பிப் போனான், கடந்து போனான், உள்ளே போனான் என்று ஆள் எங்கெங்கோ போய்விடுவான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பிடிபடாது. தலையை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வார்கள்.

"தலையை எங்கடா தொலைச்ச? முண்டத்தை மட்டும் தூக்கிட்டு வந்து என் மேஜைமேல வைக்கிற, நாதான் பயலே!" என்று அவர் கத்துவது தெருவரைக்கும் கேட்கும்.

நாதான் என்றால் அறிவில்லாதவன். அந்த வசவின் முன்னால் நிற்கும் 'ந' பாரசீகத்திலிருந்து வந்தது என்பதில் அவருக்கு ஒரு குஷி. ஓடைக்கு அந்தப் பக்கம் பாரசீகம் பேசும் தாஜிக்கியர்கள் வினைச்சொல்லின் தலையில் 'ந' வைத்தால் 'இல்லை' என்று பொருள். வந்தான் என்பது வரவில்லை ஆகிவிடும். ருஷ்யக்காரன் அதே 'ந'வைச் சொன்னால் 'இந்தா, வாங்கிக்கோ' என்று அர்த்தம். சாப்பிடுவதன் தலையில் அதை வைத்தாலோ வயிறு முட்டச் சாப்பிட்டான் என்றாகும். பட்டாளத்தில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஜார்ஜியாக்காரன் இன்னொன்று சொன்னான். அவர்கள் பேச்சில் வீடு என்ற சொல்லின் முன்னால் 'ந' வைத்து வாலையும் கொஞ்சம் மாற்றினால், ஒரு காலத்தில் வீடு இருந்த இடம் என்று ஆகிவிடும். சுவர் கூட மிஞ்சியிருக்காது, புல்தான் இருக்கும். ஆனாலும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

பல வருஷம் கழித்து, கண்ணில் புரை எடுக்க ஓஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே மருத்துவம் படிக்க வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடமும் விசாரித்தார். எங்கள் ஊரில் பழைய காலத்தில் பெயருக்கு முன்னால் 'ந' வைத்தால் நல்லவர், உயர்ந்தவர் என்று பொருள் என்றாள் அவள். வடமொழியிலிருந்து வந்த சொற்களில் அதே எழுத்து இல்லை என்று சொல்லும் என்றும் சொன்னாள். ஒரு கண்ணில் கட்டோடு வேனில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஜூமார்ட்டுக்கு அதே பேச்சு.

"பாரு புருல், ஒரே ஒரு எழுத்து. ஒருத்தன் இந்தாங்கறான், ஒருத்தன் இல்லைங்கறான், ஒருத்தன் இருந்துச்சுங்கறான், இவங்க நல்லதுங்கறாங்க."

"எர்மெக் அப்பா, சொட்டு மருந்தை எடுத்து வச்சீங்களா?"

"வச்சேன் வச்சேன்."

வைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் எர்மெக் மறுநாள் போய் எடுத்துவந்தான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ருஷ்ய வகுப்புகளைக் குறைத்தார்கள். ஜூமார்ட்டின் ருஷ்ய மொழிக்கு வேறு வேலை வந்தது. இளவட்டங்கள் எல்லாம் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அங்கேயிருந்து போலீஸ், ஆஸ்பத்திரி, மேஸ்திரி யார் பேசினாலும் ஊரில் பதில் சொல்ல ஆள் வேண்டும். போகிறவர்கள் எல்லோரும் வீட்டு நம்பரோடு அகாயின் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்லதும் கெட்டதும் முதலில் அவர் காதுக்கு வரும். அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போக வேண்டும்.

சாரி-புலாக்கில் நல்ல செய்தி வருகிற விதம் ஒன்று, கெட்ட செய்தி வருகிற விதம் ஒன்று. குழந்தை பிறந்தது, பட்டாளத்துப் பையன் திரும்பிவிட்டான் என்றால் செய்தி கொண்டுவருகிறவன் தெருமுனையிலிருந்தே "சுயுன்சு! சுயுன்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், எனக்கு என்ன தருகிறாய் என்பதுதான் அதன் பொருள். என்ன சேதி என்று கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்து வைப்பார்கள். சாவு அப்படி வராது. விடிந்ததும் பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பேசாமல், நடந்து வருவார்கள். வாசலில் நிற்பார்கள். சுற்றி வளைத்துத்தான் வாயைத் திறப்பார்கள். அதைத் தனியாள் சொல்லக்கூடாது, போனில் சொல்லவே கூடாது.

அந்த வருஷம் வாதுமைப்பழம் பழுக்கிற சமயத்தில் ருஷ்யாவில் ஒரு கட்டடச் சாரம் சரிந்தது. ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அதன்மேல் நின்றிருந்தார்கள். ஒருவன் சத்தாரின் மகன் பாக்தீயார். மற்றவன் சத்தாரின் பக்கத்து வீட்டு ஆனார்கானின் மகன் திலெக். ஆனார்கானுக்குப் புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. பாக்தீயார் இறந்துவிட்டான் என்று முதலில் தெரிந்தது. திலெக் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்று மேஸ்திரிக்கே தெரியவில்லை.

பெரியவர்கள் சத்தார் வீட்டுக்குப் போனார்கள். ஜூமார்ட்டும் போனார். ஆனார்கான் தன் வீட்டு வேலியோரம் நின்று அவர்கள் வருவதைப் பார்த்தாள். அவர்கள் அவள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் நின்றபோது வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தார் வீட்டு முற்றத்தில் துக்கத்துக்கான கம்பளிக் கூடாரம் எழுந்தது. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஆனார்கான் போய் அழுதுவிட்டு வந்து, தன் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருல் ரொட்டியும் தயிரும் கொண்டுபோனால் தொடமாட்டாள்.

"உன் வீட்டுக்காரர் போன் அடிச்சுதா?" என்பது மட்டும்தான் பேச்சு.

"அடிச்சா உங்களுக்குத்தான் முதல்ல அக்கா."

"நடந்து வரச் சொல்லாத. ஓடி வரச் சொல்லு."

இதைப் புருல் வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? அப்போது அது ஏதோ தாங்கமுடியாதவள் பிதற்றலாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் போன் அடித்தது. ஜூமார்ட் முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி பேசினாள். திலெக் உயிரோடு இருக்கிறான். இடுப்பு எலும்பும் ஒரு காலும் நொறுங்கியிருக்கின்றன. நினைவு வந்துவிட்டது, ஊர்ப் பெயரைச் சொன்னான், இந்த நம்பரைச் சொன்னான். ஜூமார்ட் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு ஈர முகத்தோடு நின்று அழுதார்.

"நான் ஓடிப் போய்ச் சொல்லிடறேன்" என்று புருல் தலைத்துணியை இழுத்துக் கட்டினாள்.

"நில்லு. நீ போனா பாதி சொல்லுவ, பாதி முழுங்குவ. இடுப்பு உடைஞ்சதையும் பக்குவமாச் சொல்லணும். நான் சொல்றேன்."

சொல்லைச் சரியாகச் சொல்வது அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையில் தப்பு என்ன? புருல் அடங்கிப்போய்ப் பின்னால் நடந்தாள்.

மசூதியிலிருந்து பெரியவர்கள் வெளியே வருகிற நேரம் அது. ஜூமார்ட்டின் முகத்தைப் பார்த்ததும் மாமத் கிழவர் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் கேட்டதும் கிழவருக்கு வாயெல்லாம் பல்.

"அட, அப்புறம் என்ன அகாய்? கத்துங்க! நீங்க கத்தலைன்னா நான் கத்தறேன். அந்தப் பொம்பளைகிட்ட ஒரு ஆட்டுக்குட்டியாவது கறந்துடணும்."

ஜூமார்ட்டின் உதடுகள் அசைந்தன. பிறகு சொன்னார்: "வேண்டாம். பக்கத்து வீட்ல கூடாரம் நிக்குது. புள்ளையைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கற சத்தார் காதுல சுயுன்சுன்னு கத்தறதா? அமைதியாப் போவோம். வாசல்ல நின்னு சொல்லிக்கலாம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மாமத் கிழவர் கூட வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சந்தோஷத்தில் பங்கெடுக்க அவர்களும் கூடவே நடந்தார்கள். சத்தாரின் கூடாரத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. அதைக் கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆனார்கான் மாட்டின் பக்கத்திலிருந்து பால் வாளியோடு எழுந்தாள். வாசலில் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக நின்றன. யாரும் கத்தவில்லை. ஜூமார்ட் முன்னால் வந்து நின்றார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் ஒரு தடவை அசைந்தன.

"வேண்டாம்" என்றாள் ஆனார்கான். "சொல்லாதீங்க அகாய். திரும்பிப் போயிடுங்க. நான் கேக்கமாட்டேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். படியில் கால் வைத்தாள், மேலே ஏறாமல் அப்படியே சரிந்தாள்.

புருல்தான் முதலில் ஓடினாள். தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். பின்னால் ஜூமார்ட் கத்திக்கொண்டிருந்தார். "சுயுன்சு! அக்கா, சுயுன்சு! இருக்கான்! உயிரோட இருக்கான்!" தெருவே அதிர்ந்தது. சத்தார் வீட்டு ஒப்பாரி சட்டென்று நின்றது. ஜூமார்ட் மண்டியிட்டு ஆனார்கானின் காதோடு வாயை வைத்து மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்.

பிறகு நிமிர்ந்து புருலைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

ஆனார்கானின் கன்னம் புருலின் உள்ளங்கையில் இருந்தது. அவர் முதல் சத்தம் போடுவதற்கு முன்பே அந்த முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனதை அந்தக் கை அறிந்திருந்தது.

"இல்ல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அன்று வீட்டுக்கு வந்து ஜூமார்ட் இவ்வளவுதான் பேசினார். "வாழ்க்கை முழுக்கத் தலையைத் தொலைக்காதேன்னு புள்ளைங்களை அடிச்சேன். ஒரு சேதியை நானே தலையில்லாமக் கொண்டுபோயிட்டேன்." சத்தாரை நினைத்துத்தானே வாயை மூடினீர்கள் என்று புருல் சொல்லலாம். உண்மைதான். ஆனால் உண்மை ஆறுதலாக இருக்கும் என்று யார் சொன்னது?

உடம்பு தேறாதவனிடம் தாயின் சாவைச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். திலெக் ஆஸ்பத்திரியிலிருந்து பேசும்போதெல்லாம் ஜூமார்ட்தான் எடுப்பார்.

"அம்மா எங்க அகாய்?"

"மேய்ச்சல்மலைக்கு ஏறிட்டாங்கப்பா, மாட்டை ஓட்டிக்கிட்டு. அங்க சிக்னல் கிடையாதே."

"என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. நீ முதல்ல நடக்கப் பழகு."

போனை வைத்தபின் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீ ஆறிப்போகும். புருல் கொட்டிவிட்டு வேறு ஊற்றுவாள். அதுவும் ஆறிப்போகும்.

மலையிலிருந்து ஆடுமாடுகள் இறங்கியபிறகு திலெக் ஊன்றுகோலோடு வந்தான். பாலத்தடியில் பெரியவர்கள் காத்திருந்து முறைப்படி சொன்னார்கள். அவன் "ஐயோ என் அம்மா!" என்று கதறிக்கொண்டே தெருவில் வந்தான். ஊன்றுகோல் மண்ணில் குத்திக் குத்தி வந்தது. அன்று ஊரில் அழாதவர் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் புருலின் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மூட்டை. புருல் மெத்தை விரித்து உட்காரச் சொன்னாள், அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்றான். "என்னை இப்ப எடுத்து நிறுத்த ஒரு கிரேன் வேணும் அக்கா" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு ஜூமார்ட்டைப் பார்த்துக் கேட்டான்.

"அகாய், ஒண்ணே ஒண்ணு. நான் உயிரோட இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

ஜூமார்ட்டின் உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடியும் அசைந்தன. புருல் டீக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அந்த உதடுகளையே பார்த்தாள். எந்தச் சொல்லின் முதல் எழுத்து அங்கே நிற்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியும்" என்றார். "நான்தான் சொன்னேன். அந்தச் சந்தோஷத்துலதான்பா நெஞ்சு நின்னுடுச்சு."

திலெக் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய தோள்கள் தாழ்ந்தன. பாலத்தடியிலிருந்து அந்த ஒரு கேள்வியைத்தான் அவன் சுமந்துகொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு மூட்டையைப் பிரித்தான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கறுப்பு மேலங்கி. ஓரமெல்லாம் கையால் போட்ட பின்னல்.

"அம்மா பெட்டியில எல்லாத்துக்கும் மேல இருந்துச்சு. என் கல்யாணத்துக்குப் பெண்வீட்டு மாமனாருக்குன்னு தைச்சு வச்சது. சேதி கொண்டுவர்றவங்களுக்குன்னு எடுத்து மேல வச்சிருக்காங்க, வீட்டைப் பாத்துக்கிட்ட சித்தி சொன்னாங்க. ஏன் அகாய் உங்களுக்குப் போடல?"

"மறந்துட்டாங்க" என்றார் ஜூமார்ட்.

"அப்ப நான் போடறேன். இது உங்க சுயுன்சு."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு காலில் நின்று, திலெக் அந்த அங்கியை அவர் தோளில் போர்த்தினான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஜூமார்ட் கையை நீட்டிக்கொடுத்தார். அங்கி அளவாக இருந்தது. திலெக் போனபிறகும் அவர் அதைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். புருல்தான் கழற்றி, மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள்.

பிறகு அவர் அதைப் போடவே இல்லை. பனி கொட்டுகிற நாளிலும் பழைய கோட்டுதான். திலெக் வழியில் பார்த்தால், "என்ன அகாய், நல்ல நாளுக்குன்னு வச்சிருக்கீங்களா?" என்பான். "ஆமாம்பா" என்பார். போனை எர்மெக்கிடம் கொடுத்துவிட்டார். எந்த எழுத்து எந்த மொழியில் என்ன என்கிற பேச்சும் நின்றுபோனது. ஒருமுறை புருலாகவே, "அந்த ஜார்ஜியாக்காரன் வீட்டைப் பத்திச் சொன்னது எப்படி?" என்று கேட்டுப் பார்த்தாள். "மறந்துபோச்சு" என்றார். மறந்திருக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

சில சமயம் திண்டில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "திருப்பிக் குடுத்துடலாமா?"

"குடுக்கலாம். என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

அங்கியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பையனின் தாயை அவன் கண்முன்னே இரண்டாம் தடவை கொன்றதாகிவிடும். வைத்துக்கொண்டால், கொண்டுசேர்க்காத செய்திக்குக் கூலி வாங்கியவர் ஆகிறார். அவர் எதற்குப் பயந்தார்? திலெக் உடைந்துபோவான் என்றா, திலெக் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்றா? இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். மனிதன் தன் கருணையையும் பயத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்ன?

வசந்தத்தில், நுரையீரலில் சளி கட்டி, ஜூமார்ட் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் பேச்சு வரவில்லை.

அவருக்காக அவர் முற்றத்தில் கூடாரம் எழுந்தது. புருல் பெண்களோடு உள்ளே, முறைப்படி கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னாள். அடுக்கியிருந்த மெத்தைகளுக்குக் கீழே, அவள் முதுகுக்குப் பின்னால், அந்தப் பெட்டி இருந்தது. வெளியே உடலை வைத்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். கம்பளியின் ஊடாக எல்லாம் கேட்டது.

"எப்படிப்பட்ட மனுஷன் இவர்?" என்று இமாம் கேட்டார்.

"நல்ல மனுஷன்" என்றது கூட்டம்.

பிறகு எர்மெக் முன்னால் வந்தான். "எங்க அப்பா யாருக்காவது கடன் பாக்கி வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. நான் குடுத்துடறேன். அவருக்கு யாராவது தரணும்னா, அதை விட்டாச்சு."

புருலின் ஒப்பாரி நின்றது. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தொட்டாள்.

வெளியே ஊன்றுகோல் ஒன்று இடம் மாறும் சத்தம் கேட்டது.

"அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்ல" என்றான் திலெக். "நான்தான் பட்டிருக்கேன். எங்கம்மா நிம்மதியாப் போனாங்கன்னா அது அவராலதான்."

புருல் வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும். திரும்பி, மெத்தைகளைத் தள்ளி, பெட்டியைத் திறந்தால் போதும். அவளுக்கு முன்னால் கம்பளிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், தன் தாய்க்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டு ஒருவன் ஒரு காலில் நின்றான்.

"கேட்டீங்கல்ல?" என்று இமாம் சொல்வது கேட்டது. "கடன் ஒண்ணும் இல்ல. தூக்குங்க."

தூக்கினார்கள். பெண்கள் ஒன்றாகக் குரலெடுத்தார்கள். புருலும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். கூட்டம் இடுகாட்டை நோக்கி நகர்ந்தது. கறுப்பு மேலங்கி பெட்டியில் மடித்தபடி கிடந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது.